சபாநாதன் அண்ணையின் கண்ணீருக்கு நான் சொன்ன விளக்கம்

போன மாதம், முன்பு என்னோடு வேலை செய்த பிள்ளை ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். நாள்பட்ட நரம்பு நோயோடு வாழ்பவர்களுக்கு நடத்தும் உணர்வுத் திறன் பயிற்சிக்குப் புதிய கைநூல் வந்திருக்கிறதாம். பளபளவென்ற அட்டை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வீடியோவும் உண்டாம். அறிமுகக் கூட்டத்தில் நான் ஒரு மணித்தியாலம் கதைக்க வேண்டும், அதற்கு முன் என் அனுபவத்தை எழுதியும் தர வேண்டும்.

"மிஸ், ஏதாவது நல்ல அனுபவமாப் பார்த்து எழுதுங்கோ. கேக்கிறவைக்கு உற்சாகம் வரவேணும்," என்றாள்.

"நான் விட்ட பிழையை எழுதினா உற்சாகம் வராதோ?"

அவள் சிரித்தாள். நான் பகிடிக்குக் கேட்கவில்லை. அவள் அனுப்பிய கைநூலை அன்று பின்னேரமே திறந்து பார்த்தேன். மூன்றாவது பாடத்தில், கட்டம் போட்டு, தடித்த எழுத்தில் இப்படி இருந்தது: நோயாளியின் கண்ணீரை வரவேற்க வேண்டும், அது அவரது மனதின் குரல். எனக்கு விசர்தான் வந்தது. இதே வசனத்தை நம்பி ஒரு குடும்பத்தைக் குழப்பியடித்தவள் நான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அட்டையை மாற்றியவர்கள் அதை மாற்றவில்லை. ஆகவே உற்சாகத்தை வேறு யாராவது எழுதட்டும்.

நான் தொழில்வழிச் சிகிச்சையாளராக இருந்தவள். கை கால் விளங்காமல் போனவர்களுக்குச் சட்டைத் தெறி பூட்டவும், தேநீர்க் கோப்பை பிடிக்கவும், கதிரையிலிருந்து எழும்பவும் பழக்குவது என் வேலை. கொழும்பில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படித்தேன், பாஸ் பண்ணினேன், யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தேன். சேவையில் பாதிக்கு மேல் போன பிறகு, ஒரு நாள் என்னைப் பத்து நாள் வகுப்பொன்றுக்கு அனுப்பினார்கள். நரம்பு நோய்க்காரருக்கு உடம்பை மட்டும் பழக்கினால் போதாது, மனதையும் பழக்க வேண்டும் என்றார்கள். அது உண்மைதான். பத்து நாளில் அதைப் படித்துவிடலாம் என்று நினைத்ததுதான் உண்மையில்லை. நானும் ஒரு சான்றிதழோடும், ஆறு முகம் வரைந்த ஒரு அட்டையோடும், எல்லாம் தெரிந்தவள் போல் வந்து இறங்கினேன்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்குக் குழு. பழைய கட்டில்கள் அடுக்கிக் கிடந்த ஒரு அறையை ஒதுக்கித் தந்தார்கள். கைநூலின்படி கதிரைகளை வட்டமாகப் போட வேண்டும். நான் போட்டேன். வந்தவர்கள் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, கோயிலில் பிரசங்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னால் ஒரு உறவினர். முகங்கள் வரைந்த அட்டையைச் சுவரில் தொங்கவிட்டு, இன்றைக்கு உங்கள் மனம் இதில் எந்த முகம் என்று கேட்க வேண்டும். மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம், வெறுப்பு, வியப்பு. காலை ஒன்பதரைக்கு, இரண்டு பஸ் மாறி வந்து, வியப்போடு இருந்த ஒருவரை நான் என் சேவைக் காலத்தில் காணவில்லை. எல்லோரிடமும் ஒரே பதில்: "ஏதோ இருக்கிறம் மிஸ்." மூன்றாவது கிழமை, கோபம் என்பதற்குக் கீழே பேனையால் 'விசர்' என்று எழுதினேன். அதற்குப் பிறகு அந்த முகத்துக்கு நல்ல கிராக்கி.

வீட்டு வேலையாக ஒரு உணர்வுக் கொப்பி கொடுப்போம். நாளுக்கு ஒரு வரி எழுதிக்கொண்டு வர வேண்டும். நடுக்குவாதம் வந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் பருத்தித்துறையிலிருந்து வருவார். அவருடைய கொப்பி முத்து முத்தான எழுத்தில் இருக்கும். திங்கள் மகிழ்ச்சி, செவ்வாய் மகிழ்ச்சி, புதன் மகிழ்ச்சி, வியாழன் மகிழ்ச்சி, வெள்ளி விரதம்.

"இது ஆர் எழுதினது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நான்தான். அவருக்குக் கை நடுங்குமெல்லோ."

"அவரைக் கேட்டு எழுதினனீங்களோ?"

"முப்பத்தெட்டு வருசமா ஒண்டா இருக்கிறம். இதைக்கூடக் கேக்கவேணுமோ?"

அதிபரின் முகம் அசையவில்லை. அந்த நோயில் முகத் தசைகள் இறுகிப்போகும். சந்தோசமோ துக்கமோ வெளியே தெரியாது. அவருடைய மனைவியை நினைத்து அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனேன். சிரிக்க எனக்கு என்ன தகுதி இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் கிளினிக்குக்கு ஒரு நரம்பியல் நிபுணர் பொறுப்பாக இருந்தார். அவரைப் போல மெதுவான மனிதரை நான் கண்டதில்லை. வெளியே சனம் வரிசையில் நின்று கத்தும். அவர் உள்ளே ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மேசையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒரு நிமிடம் போகும், இரண்டு நிமிடம் போகும். கூட வந்தவர் பதில் சொல்ல வாய் திறந்தால், கையை மெல்ல உயர்த்துவார். யாரையும் ஏசமாட்டார். சிற்றூழியரையும் நீங்கள் என்றுதான் கூப்பிடுவார். ஏசினால் திரும்ப ஏதாவது சொல்லிவிட்டு ஆறுதலாகப் போகலாம், அதற்கும் வழியில்லை.

நாங்கள் எழுதும் குறிப்புகளை வெள்ளிக்கிழமை பின்னேரம் பென்சிலோடு வாசிப்பார். ஏதாவது ஒரு வசனத்தைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில், 'யார் சொன்னது?' என்று எழுதுவார். நோயாளிக்கு நித்திரை நன்றாக வருகிறது. யார் சொன்னது? நோயாளி மருந்தை ஒழுங்காகப் போடுகிறார். யார் சொன்னது? எனக்குப் பத்திக்கொண்டு வரும். கூட வந்தவர்கள் சொன்னார்கள், வேறு யார் சொல்லுவார்கள், பேசவே கஷ்டப்படுகிற மனிதரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு இருந்தால் எத்தனை பேரைப் பார்ப்பது? இதை அவரிடம் ஒரு முறை சொல்லியும் விட்டேன். "ஓம், நேரம் எடுக்கும்தான்," என்றார். அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் சபாநாதன் அண்ணை வந்தார். புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்த மனிதர், வயது அறுபத்திரண்டு. ஒரே வருடத்தில் இரண்டு முறை பாரிசவாதம். வலது கை விளங்காது, வலது கால் இழுபடும், பேச்சு குழறும். ஆனால் பொறுத்திருந்து கேட்டால் விளங்கும். இந்தப் பொறுத்திருந்து என்ற சொல்லைக் கவனியுங்கள். மனைவி பரமேஸ் அக்கா எப்போதும் முகம் துடைக்க ஒரு லேஞ்சியோடு அவருக்குப் பக்கத்தில் இருப்பார். மகள் சுகந்தி முன்பள்ளி ஆசிரியை, முப்பத்தொரு வயது. புதன்கிழமைகளில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வருவாள்.

முதல் நாள் அவரிடம் பெயரைக் கேட்டேன். வாயைத் திறந்தார், முகம் கோணியது, ஓவென்று அழுதார். எனக்கு உள்ளூரச் சந்தோசம். வகுப்பில் சொல்லித் தந்தபடி தோளில் கையை வைத்து, "அழுங்கோ அண்ணை, அடக்காதேங்கோ," என்றேன். பரமேஸ் அக்காவும் அழுதார். பெண்கள் பக்கம் இன்னும் இரண்டு பேர் அழுதார்கள். ஏதோ இருக்கிறம் என்று கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்த குழுவில் கடைசியில் ஒருவர் மனதைத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு புதனும் இதேதான். அவர் வாயைத் திறப்பார், அழுகை வரும், பரமேஸ் அக்கா லேஞ்சியால் முகத்தைத் துடைத்து, "சரி சரி, கதைக்காதேங்கோ," என்பார். சில நாட்களில் அவர் இடது கையால் கதிரைக் கைப்பிடியில் அடிப்பார். அதையும் நான் விடவில்லை. துக்கம் கோபமாக மாறுகிறது, நல்ல முன்னேற்றம் என்று எழுதினேன்.

எழுதினதோடு நின்றிருக்கலாம். ஒரு நாள் பரமேஸ் அக்கா, "இவர் ஏன் மிஸ் உப்பிடி அழுறார்? எங்களுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை," என்று கேட்டார். நான் பெரிய ஞானி மாதிரிச் சொன்னேன்:

"அவரின்ரை கண்ணீர்தான் இப்ப அவரின்ரை வாய். அதை மதியுங்கோ. ஒரு விசயத்தைக் கதைக்கேக்கை அவர் அழுதா, அது அவருக்கு மனமில்லை எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ."

பரமேஸ் அக்கா அதை மகளைக் கொண்டு கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுவித்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, குழு தொடங்க முன்னமே பரமேஸ் அக்கா என்னைத் தேடி வந்தார். சுகந்திக்குக் கொடிகாமத்தில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்ததாம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர்கள். போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். சபாநாதன் அண்ணைக்குக் கொஞ்சம் பிறஷர் என்று மட்டும்தான் தரகரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். பட்டு வேட்டி கட்டி, விளங்காத கை தெரியாமல் சால்வையால் மூடி, கதைக்க வேண்டாம், தலையை மட்டும் ஆட்டுங்கோ என்று சொல்லிக் கதிரையில் இருத்தியிருக்கிறார்கள். தேநீர் குடித்த பிறகு மாப்பிள்ளையின் தாய்மாமன் மரியாதைக்காக, "என்ன ஐயா, உங்களுக்கு விருப்பந்தானே?" என்று கேட்டிருக்கிறார். இவர் வாயைத் திறந்தார். விம்மி விம்மி அழுதார். வந்தவர்கள் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்கள்.

"எங்களுக்கு உடனை விளங்கீட்டுது மிஸ்," என்றார் பரமேஸ் அக்கா. "நீங்கள் சொன்னனீங்களெல்லோ. அடுத்த நாளே தரகரைக் கூப்பிட்டு, அவருக்கு மனமில்லை, வேண்டாம் எண்டு சொல்லி விட்டிட்டம். முந்தியெண்டா நான் அவரை மதிச்சு இப்பிடிச் செய்திருக்க மாட்டன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமைப்பட்டேன். அன்று பின்னேரம், 'குடும்பத்தினர் நோயாளியின் உணர்வை மதித்து முக்கியமான முடிவொன்றை எடுத்துள்ளனர். திருமணப் பேச்சில் அவருக்கு விருப்பமில்லை' என்று அழகாக எழுதி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை என் குறிப்புக் கொப்பி திரும்பி வந்தது. விருப்பமில்லை என்பதைச் சுற்றி வட்டம். யார் சொன்னது?

இந்த முறை நேரே அவரிடம் போனேன். "சேர், அவரே அழுது காட்டியிருக்கிறார். இதுக்கு மேலை என்ன வேணும்?" என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "புதன்கிழமை அவரை என்னட்டைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. தனிய," என்றார்.

தனியே என்றால் பரமேஸ் அக்காவுக்குப் பெரிய பாடு. லேஞ்சியையாவது கொடுத்துவிடுகிறேன் என்று கதவடியில் நின்றார். கதவைச் சாத்தினேன். நிபுணர் சபாநாதன் அண்ணைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஊர் எது என்று கேட்டார். அழுகை வந்தது. நிபுணர் துடைக்கவில்லை, தோளைத் தொடவில்லை, பேசாமல் இருந்தார். அழுகை தானாக நின்றது. இந்த முறை வெங்காயம் எப்படி என்று கேட்டார். திரும்ப அழுகை. நின்றது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். அதற்கும் அழுகை. என்ன கிழமை என்ற கேள்விக்கு யார் மனம் நொந்து அழுவார்கள்?

"இப்ப அழேக்கை உங்களுக்கு உள்ளுக்குக் கவலையோ? இல்லையெண்டா இடது கையைத் தூக்குங்கோ," என்றார்.

இடது கை உடனே, அடிக்கிற மாதிரி, மேலே போனது.

அப்போதுதான் எனக்கு விளங்கப்படுத்தினார். மூளையில் பழுதான இடத்தால், அழுகையை நிறுத்தி வைக்கிற பிரேக் போய்விட்டது. வாயைத் திறந்தாலே அழுகை ஓடிவிடும். துக்கம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிலருக்கு இதே மாதிரிச் சிரிப்பு வரும். குறைக்க மருந்து இருக்கிறது, முழுதாக நிற்காது. பத்து நாள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சரி, வகுப்பை விடுங்கள். எட்டு மாதம் அந்த மனிதர் என் முன்னால் இருந்தார். கவலையா என்று ஒரு நாளும் நான் அவரைக் கேட்கவில்லை. அழுகிறவரிடம் கவலையா என்று கேட்பதா என்று விட்டுவிட்டேன்.

"கொடிகாமத்துச் சம்பந்தம் உங்களுக்கு விருப்பமோ?" என்று நிபுணர் கேட்டார்.

பதில் வர நாலைந்து நிமிடம் பிடித்தது. அழுகைக்கு இடையில் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "விருப்பம். அண்டைக்கு... விருப்பம் எண்டு... சொல்லத்தான்... வாயைத் திறந்தனான்."

பிறகு என்னைப் பார்த்தார். "இந்தப் பிள்ளையும்... ஒருநாளும்... கேக்கேல்லை."

நிபுணர் என்னை ஏசவில்லை. "வெளியிலை நிக்கிறவைக்கு நீங்கள்தான் சொல்லவேணும்," என்றார். அவர் அன்று என்னை நாயே பேயே என்று ஏசியிருந்தால் அவருக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

வெளியே போய்ச் சொன்னேன். நான் சொன்னது பிழை, அவருக்கு விருப்பம்தான் என்றேன். பரமேஸ் அக்கா அங்கே கிடந்த வாங்கில் குந்திவிட்டார். சுகந்தி நின்றபடியே என்னைப் பார்த்தாள்.

"எனக்கும் அவரைப் பிடிச்சிருந்தது மிஸ்," என்றாள். "அப்பாவுக்கு மனமில்லாமல் எனக்கு ஒண்டும் வேண்டாமெண்டு விட்டிட்டன். இனிக் கலியாணப் பேச்சே எடுக்க வேண்டாம், அப்பாவோடையே இருக்கிறன் எண்டு அம்மாவுக்குச் சொல்லியும் போட்டன். எல்லாம் நீங்கள் சொன்னதை நம்பித்தான்."

அவளிடமிருந்து கிளினிக் கொப்பியை வாங்கி, பின்பக்கத்தில் இருந்த என் வசனத்தைக் கோடு போட்டு வெட்டினேன்.

இனி நேரே போய் உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பரமேஸ் அக்கா விடவில்லை. மூளையில் பழுது என்று சொன்னால் பரம்பரையில் இருக்கிறது என்று கதை கட்டுவார்களாம், பிறகு இந்தச் சம்பந்தம் மட்டுமில்லை, எந்தச் சம்பந்தமும் வராதாம். மனமில்லை என்று மறுத்தால் அது மரியாதையாம். வேண்டாம் என்று சொல்லி விட்டவர்கள் திரும்பப் போய்ப் படி ஏறுவது எந்த ஊர் வழக்கம் என்றும் கேட்டார். தரகரும் கையை விரித்துவிட்டார். மூன்று கிழமை இந்த இழுபறி. நோயைச் சொல்லுவதைவிடத் தகப்பன் மனமில்லாதவன் என்று பெயர் எடுப்பது மேல் என்று நினைக்கிற சனத்தோடு நான் எந்த முகத்தைக் காட்டிக் கதைப்பது? ஆறு முகத்தில் எதுவும் உதவாது.

கடைசியில் முடிவெடுத்தது சபாநாதன் அண்ணை. குழுவில், எல்லோருக்கும் முன்னால், அழுது அழுது சொன்னார்: "நான்... போறன். நான்... சொல்லுறன்."

அன்றிலிருந்து புதன்கிழமை வேலை மாறியது. முகங்கள் இருந்த அட்டையைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் செருகினேன். கூட வந்தவர்களை வெளியே இருத்தினேன். அவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். சபாநாதன் அண்ணைக்கு நான் பழக்கியது இதுதான். அழுகை வரும்போது அதோடு மல்லுக்கட்டக் கூடாது. வாயை லேசாகத் திறந்து மூச்சை மெல்ல வெளியே விட வேண்டும். தோளைத் தளர்த்தி, எதிரே ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். நின்றதும் விட்ட இடத்திலிருந்து அடுத்த சொல். எல்லாவற்றுக்கும் முதல், போனவுடன், யாரும் எதுவும் கேட்க முன்னம் சொல்லிவிட வேண்டும்: எனக்குப் பாரிசவாதம் வந்தது, அதனால் நினைக்காமலே அழுகை வரும், என்னைத் தேற்ற வேண்டாம், பொறுத்திருங்கோ, நான் சொல்லி முடிப்பேன்.

குழுவில் இருந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டாராக நடித்தார்கள். அதிபர் தாய்மாமன். அசையாத முகத்தோடு அவர் "சொல்லுங்கோ ஐயா" என்று கேட்டபோது எனக்கே பயமாக இருந்தது. வலிப்பு நோய்க்காக வரும் ஒரு இளம்பெண் மாப்பிள்ளையின் தாயாக நடித்தாள். தன் கலியாணப் பேச்சில் கேட்ட கேள்விகளையெல்லாம் அவள் அப்படியே எடுத்து வீசினாள். ஆறு கிழமை பழகினோம். மருந்தும் கொஞ்சம் உதவியது. ஒருவரும் கண்ணைத் துடைத்துவிடக் கூடாது என்பது சட்டம். சபாநாதன் அண்ணைக்கு அது பிரச்சினையில்லை, பரமேஸ் அக்காவுக்குத்தான் கை சும்மா கிடக்காது.

ஒரு சனிக்கிழமை காலை, புத்தூரிலிருந்து மீசாலை றோட்டால் ஒரு ஓட்டோவில் கொடிகாமம் போனோம். அண்ணை, அக்கா, சுகந்தி, நான். பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதா என்று அக்கா வழி முழுக்கப் புறுபுறுத்தார். நான் வரவே கூடாது என்றுதான் நினைத்தேன். பிழை விட்டவள் வீட்டில் இருப்பதா என்று சுகந்தி கேட்டாள், வந்தேன்.

மாப்பிள்ளையின் தாய் எங்களை உள்ளே கூப்பிட்டார், ஆனால் முகம் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை ஒரு ஓரமாக நின்றார். சபாநாதன் அண்ணை கதிரையில் இருந்தவுடன் சால்வையை எடுத்து மடியில் வைத்தார். விளங்காத கை எல்லோருக்கும் தெரிந்தது. தொடங்கினார். இரண்டாவது சொல்லிலேயே அழுகை வந்துவிட்டது. பரமேஸ் அக்காவின் கை லேஞ்சிக்குப் போனது. சுகந்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிர்ச் சுவரில் மணிக்கூடு இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே மூச்சை விட்டார், நின்றது, அடுத்த சொல்லைச் சொன்னார். நாலு வசனம் சொல்லி முடிக்கக் கிட்டத்தட்டப் பத்து நிமிடம்.

"அப்ப உது பிள்ளையளுக்கும் வருமோ?" என்று தாய் கேட்டார்.

எனக்கு வாய் துருதுருத்தது. அதற்கு நான் படித்த பதில் இருந்தது. சபாநாதன் அண்ணை இடது கையை என் பக்கம் நீட்டித் தடுத்தார்.

"பிறஷர் மருந்தை... நான் ஒழுங்காப்... போடேல்லை. அது... என்ரை பிழை. மனிசி... சொல்லாமல்... இல்லை. நான்தான்... கேக்கேல்லை." மூச்சை விட்டார். "உங்கடை மகனை... எனக்குப்... பிடிச்சிருக்கு. அண்டைக்குச்... சொல்ல... ஏலாமல் போச்சு."

தாய் பரமேஸ் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"இதை முதல் நாளே சொன்னா என்ன குறைஞ்சா போயிருப்பியள்? ரெண்டு மாசமா இவன் ஒழுங்காச் சாப்பிடேல்லை. நாங்கள் என்ன குறை வைச்சம் எண்டு நானும் மண்டையை உடைச்சுக்கொண்டு திரியிறன். பிறஷராம், மண்ணாங்கட்டியாம்!"

அந்த அறையில் எனக்கு மிகவும் பிடித்துப்போன மனுஷி அவர்தான்.

கலியாணம் தை மாதம் நல்லூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எனக்கு மூன்றாவது வரிசையில் இடம். மேடையில் சபாநாதன் அண்ணையைக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கிற நேரம் வந்தது. இடது கையால் கொடுத்தார். கொடுத்தவுடன் அழத் தொடங்கினார். தாலி கட்டி முடிந்தும் நிற்கவில்லை.

எனக்குப் பின்னால் இருந்த ஒரு வயதான அம்மா பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார்: "பாவம் மனிசன். மகளைக் குடுத்திட்டு எப்பிடி அழுறார் பாருங்கோ."

எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பி இருந்து ஆதியோடு அந்தமாக விளங்கப்படுத்தினேன். அம்மா, அது கவலையால் வருகிற அழுகை இல்லை, மூளையில் ஒரு இடம் பழுது, பிரேக் போன மாதிரி, என்ன கிழமை என்று கேட்டாலும் அவர் அழுவார். அந்த வரிசை முழுவதும் காது கொடுத்துக் கேட்டது. எனக்கு நல்ல திருப்தி. ஒரு குடும்பத்தைப் பற்றி ஊர் இன்னொரு பிழையான கதை கட்டாமல் தடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆசீர்வதிக்க மேடைக்குப் போனபோது அவருக்கு அருகில் குனிந்து, "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை. உது வருத்தத்தாலை தன்பாட்டிலை வாற அழுகை எண்டு கீழை எல்லாருக்கும் விளங்கப்படுத்திப் போட்டன்," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாயை லேசாகத் திறந்து மூச்சை வெளியே விட்டார். தோளைத் தளர்த்தினார்.

"இல்லைப் பிள்ளை," என்றார். "முந்தினதெல்லாம்... அதுதான். இண்டைக்கு... நான்தான்... அழுறன்."

நான் இறங்கி மூன்றாவது வரிசைக்கு வந்தேன். இருக்காமல், பின்னால் இருந்த அம்மாவிடம் போய், "நான் சொன்னது பிழை அம்மா. அவர் மகளைக் குடுத்திட்டுத்தான் அழுறார்," என்றேன்.

"அவரைக் கேட்டனீரோ?" என்றார் அந்த அம்மா.

"ஓம்," என்றேன். அதுவும் பொய். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.